‘ஃபார்மட் போட்டுடலாம் சார்’

“ரொம்பப் பழசாயிடுச்சு சார். ஃபார்மட் போட்டுடலாம். இல்லைன்னா புதுசா ஒண்ணு வாங்கிடுங்க.”

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரில், எந்தக் கணினிக் கடை முன் நின்றாலும் இந்த வாக்கியங்களைக் கேட்கலாம். நாடி பிடித்துப் பார்க்குமுன்பே அறுவைக்கு நாள் குறிக்கிற வைத்தியரை நாம் எவரும் மதிப்பதில்லை. ஆனால் கணினி விஷயத்தில் மட்டும் அந்த வைத்தியர் சொல்வதே வேதவாக்கு. தலையை ஆட்டிவிட்டு, முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் போனோம். 2024 ஐப்பசியில், நல்ல மழை நாளொன்றில், மங்கலம்பேட்டையிலிருந்து நண்பர் ஒருவரின் வீட்டுக் கணினியை விருத்தாசலத்துக் கடை ஒன்றுக்குச் சுமந்து சென்றோம். கடையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அந்த இளைஞர் கெட்டவருமல்லர். தமக்குக் கற்றுத்தரப்பட்டதைச் செய்தார், அவ்வளவே. மாலையில் பெட்டி திரும்பி வந்தது. புதுக்கருக்கு அழியாமல், தொட்டவுடன் விழித்துக்கொள்கிற வேகத்தோடு வந்தது. முகப்புத்திரையில் இருந்த ‘சூளை’ என்ற கோப்புறை மட்டும் வரவில்லை.

அதில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் இந்தக் கட்டுரையின் கோபம் விளங்கும். விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிய சிறுபட்டறைகளிலும் உழைத்து ஓய்ந்த முதியவர்களிடம் நாங்கள் ஆறு ஆண்டுகளாகக் கேட்டு எழுதிய பேச்சுகள் இருந்தன. மண்ணைக் குழைப்பது, அச்சில் வார்ப்பது, உலர்த்துவது, சூளையில் அடுக்குவது, தீயின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைச் சொல்வது என்று அவர்கள் வாய்மொழியாகச் சொன்னவை, தட்டச்சில் நூற்றிருபது பக்கங்கள். நண்பர் ஒருவருடைய சிற்றிதழின் சிறப்பிதழாக வரவேண்டியவை. “டி டிரைவைத் தொடலை சார், எல்லாம் பத்திரமா இருக்கு” என்றார் கடைக்காரர். உண்மைதான், தொடவில்லை. ஆனால் முகப்புத்திரையில் நாம் வைக்கிற எதுவும், ‘மை டாக்குமென்ட்ஸ்’ என்ற பெட்டியில் நாம் இடுகிற எதுவும், இயல்பாகச் சி டிரைவில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதை அவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் அறிந்திருக்கவில்லை. வீட்டுக் கணினிகளில் இப்படி அழிந்துபோகும் எழுத்துகள் இந்த ஒரு விவரத்தை அறியாததால்தான் பெரும்பாலும் அழிகின்றன.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஃபார்மட் செய்யப்பட்ட வன்தட்டில் பழைய கோப்புகள் உடனே கரைந்துவிடுவதில்லை. பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் புத்தகத்தின் மற்ற பக்கங்கள் அப்படியே இருப்பதைப் போல அவை இருக்கின்றன. அவற்றின் மேல் புதியவை எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. நாங்கள் இழப்பை உணர்ந்த அக்கணமே பெட்டியை நிறுத்தி, வன்தட்டைக் கழற்றி, மீட்கத் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால் ஒரு பகுதியாவது கிடைத்திருக்கும். நாங்களோ இரண்டு வாரம் அதிலேயே தேடினோம், மென்பொருள்களை இறக்கினோம், படம்கூடப் பார்த்தோம். எங்கள் முதியவர்களின் சொற்கள்மேல் நாங்களே மண்ணள்ளிப் போட்டோம்.

ஆகவே இந்தக் கட்டுரை ஒரு கடையைப் பற்றிய புகாரன்று. ‘பழசாகிவிட்டது, அழித்துவிடலாம்’ என்ற பேச்சுக்கு எதிரான மறுப்பு. அந்தப் பேச்சை மூன்று தரப்பார் பேசுகிறார்கள்: கடைக்காரர், பெருநிறுவனம், பிறகு எழுத்தாளரும் வாசகருமாகிய நாம். குற்றத்தில் பெரும்பங்கு யாருடையது என்பதைக் கட்டுரை முடிவதற்குள் வாசகர் கண்டுகொள்வார்.

முதலில், கணினி பழசாவதால் மெதுவாகிறதா? கணிக்கிற சில்லுக்கு முதுமை வந்து அதன் கணக்கு தளர்வதில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு நொடியில் எத்தனை கூட்டல் போட்டதோ, அத்தனையை இன்றும் போடும். அப்படியானால் எது தளர்ந்தது?

மேசை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாம் வேலைசெய்ய விரித்துவைக்கும் மேசைதான் நினைவகம். பக்கத்து அறையிலுள்ள அலமாரிதான் வன்தட்டு. மேசையில் இடமிருக்கும்வரை வேலை விரைவாக நடக்கும். இடம் போதாமற்போனால், ஒவ்வொரு தாளுக்கும் எழுந்துபோய் ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துவரவேண்டும். 2 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு பெட்டியில் இன்றைய உலாவியைத் திறந்து பத்துப் பக்கங்களை விரித்தால் நடப்பது இதுதான். பெட்டி கணக்குப் போடுவதில்லை, அலமாரிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

அலமாரியின் தன்மையையும் பார்ப்போம். மடிக்கணினிகளில் வந்த பழைய சுழல்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும், அதாவது நொடிக்குத் தொண்ணூறு சுற்று. முள் சரியான தடத்துக்கு நகர்ந்து, தகடு சுற்றி வரும்வரை காத்திருந்து, ஒரு சிறு துணுக்கைப் படிக்க ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நொடிக்கு மேலேயே ஆகிறது. நொடிக்கு நூறு துணுக்கு படித்தாலே பெரிது. கணினி விழித்தெழும்போதோ ஆயிரக்கணக்கான துணுக்குகள் தேவைப்படுகின்றன. சுழலும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி என்ற சில்லுத்தட்டு அதே நொடியில் ஆயிரக்கணக்கில் படிக்கும். ஒரு பழைய பெட்டியில் சுழல்தட்டை எடுத்துவிட்டுச் சில்லுத்தட்டை வைப்பது, புதுப்பெட்டி வாங்குவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கு. ஆனால் விருத்தாசலத்தில் எங்களிடம் எவரும் அதைச் சொல்லவில்லை. கேட்காதவர் நாங்கள்.

மூன்றாவது காரணம், நாம் அழைக்காத விருந்தாளிகள். அச்சுப்பொறியோடு வந்தது, கைப்பேசியை இணைத்தபோது வந்தது, இலவசப் பாட்டுக் கருவி ஒன்றை இறக்கும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று சொடுக்கியதால் தொற்றிக்கொண்டது என்று இருபது மென்பொருள்கள், கணினி விழிக்கும்போதெல்லாம் தாமும் விழித்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகின்றன. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நினைவகத்தை யார் தின்கிறார், வன்தட்டை யார் உலுக்குகிறார் என்று அது பெயரோடு காட்டும். அதிலேயே ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் வேண்டாதவரைத் தடுத்துநிறுத்தலாம். படித்தவர்கள் என்று பெயரெடுத்த நாங்கள் பதினோரு வருஷம் அந்தப் பெட்டியை வைத்திருந்தும் அந்த மூன்று விசைகளை ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

நான்காவது, தூசி. உள்ளே காற்றாடியின் இறக்கைகளில் ஒரு விரற்கடை தூசி படிந்தால் சூடு வெளியேறாது. சூடு மிகுந்தால் சில்லு தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைப் போய் ஃபார்மட் போட்டால் தீருமா? ஐந்தாவது, உண்மையிலேயே சாகத் தொடங்கிவிட்ட வன்தட்டு. கோப்பைத் திறக்கையில் பெட்டி உறைந்து நிற்பதும், உள்ளிருந்து ‘டக் டக்’ என்ற ஓசை கேட்பதும் அதன் அறிகுறிகள். 2012-ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பல மணிநேர மின்வெட்டில் தமிழகத்தின் ஊர்ப்புறங்கள் கிடந்தபோது, எழுதிக்கொண்டிருந்த பாதியில் மின்சாரம் போய் எத்தனை வன்தட்டுகள் காயம்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இப்படிப்பட்ட தட்டின்மேல் ஃபார்மட் போட்டு, மறுபடி இயங்குதளத்தை ஏற்றுவது, இழுத்துக்கொண்டிருப்பவரை ஓடச்சொல்வதற்குச் சமம். முதலில் செய்யவேண்டியது உள்ளிருப்பதைப் படியெடுப்பது ஒன்றே.

“ஆனால் ஃபார்மட் போட்டால் வேகம் வருகிறதே?” என்று கேட்பார்கள். வரும். அழையா விருந்தாளிகள் எல்லாரையும் வீட்டைக் கொளுத்தித் துரத்தினால் வீடு காலியாகத்தான் இருக்கும். பழக்கம் மாறாததால் மூன்று மாதத்தில் அதே கூட்டம் திரும்பிவிடும், நாமும் அதே கடைக்குத் திரும்புவோம். நோய் இன்னதென்று எவரும் சொல்லவேண்டிய அவசியமே நேராதிருப்பதுதான் இந்த வைத்தியத்தின் வெற்றி.

வேகம் இவ்வளவில் நிற்கட்டும். பாதுகாப்புக்கு வருவோம். திரும்பி வந்த எங்கள் பெட்டியில் இருந்தது விலைகொடுத்து வாங்காத விண்டோஸ். அதன் பூட்டை உடைக்க ஒரு சிறு நிரல் ஓட்டப்பட்டிருந்தது. அந்த நிரலைத் தடுக்காதபடி உள்ளிருந்த காவல் மென்பொருள் அணைக்கப்பட்டிருந்தது. உடைத்தது வெளிப்பட்டுவிடக்கூடாதென்று பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அதன்மேல், பூட்டுடைத்த இன்னொரு நச்சுநிரல்தடுப்பு மென்பொருள் உபயமாக ஏற்றப்பட்டிருந்தது. எவரோ ஒரு முகம் தெரியாதவர் எழுதிய நிரலுக்கு வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுத்து, வாசலில் இருந்த காவலரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘இப்போ சேஃப் சார்’ என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இதை விளக்க எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருள் ஒன்றே போதும். விருத்தாசலத்துப் பட்டறைகள் பொம்மையும் அகலும் மட்டும் செய்தவை அல்ல, மின்சாரத்துக்கு வேண்டிய பீங்கான் பொருள்களையும் வார்த்தவை. வெள்ளைப் பீங்கானாலான ப்யூஸ் கேரியரைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதனுள்ளே ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் வீடு பற்றி எரியாதிருக்கும்பொருட்டுத் தான் உருகி அறுந்துபோவதே அதன் கடமை. அடிக்கடி அறுந்து தொல்லை தருகிறதென்று சிலர் அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பார்கள். அதன்பிறகு ப்யூஸ் போகவே போகாது. வீடு மட்டும் ஒருநாள் போகும். திருத்தங்களை நிறுத்திவைத்த கணினி, தடித்த கம்பி சுற்றிய ப்யூஸ் கேரியர். தொல்லை தராததால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சான்றுக்கு வெகுதூரம் போகவேண்டாம். 2017 மே 12-ஆம் நாள் வான்னாகிரை என்ற நச்சுநிரல் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பிணைப்பணம் கேட்ட அது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தடுமாறின. நம் பக்கத்தில் வயநாட்டின் கிராம ஊராட்சி அலுவலகம் ஒன்றின் கணினிகளும் அதில் சிக்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் நாளே, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பெட்டிகள் தப்பின. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளே பிணைப்பண நிரலொன்றில் சிக்கிய செய்தியை நாளிதழ்களில் படித்தோம். கோட்டைக்கே அந்தக் கதி என்றால் மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டுக் கணினிக்கு யார் காவல்?

‘வேகப்படுத்தித் தருகிறோம், துப்புரவு செய்து தருகிறோம்’ என்று கூவி வருகிற இலவச மென்பொருள்களையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். அத்தகையவற்றுள் மிகப் புகழ்பெற்ற சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே 2017-இல் ஊடுருவியவர்கள் பின்கதவு ஒன்றை வைத்துவிட்டார்கள். அந்தப் பதிப்பு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறிய பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது. பெருக்க வந்த துடைப்பத்திலேயே தேள். விண்டோஸ் 8 வெளியான 2012 முதல் காவல் மென்பொருள் விண்டோஸின் உள்ளேயே வருகிறது. அதை அணைக்காமல், திருத்தங்களைத் தடுக்காமல் இருந்தாலே ஒரு வீட்டுக்குப் போதுமானது. இரண்டு மூன்று காவலரை ஒரே வாசலில் நிறுத்தினால் அவர்கள் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருப்பார்கள். கணினி மெதுவாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி இரண்டாம் தரப்பு. கடைக்காரர் ‘பழசு’ என்று சொல்வதைப் பெருநிறுவனம் நாள் குறித்துச் சொல்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்நாளுக்குப் பின் திருத்தங்கள் நின்றுவிடும். விண்டோஸ் 10-க்கு மட்டும் கூடுதலாக ஓராண்டுச் சலுகை ஒன்றைத் தனியே பதிவுசெய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குத் தந்தார்கள். புதிய விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018-க்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2013-இல் வாங்கிய எங்கள் பெட்டிக்கு அந்தத் தகுதி இல்லை. அது கெட்டுப்போகவில்லை, விலக்கிவைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இது ஒரு வீட்டுச் சங்கதி மட்டுமன்று. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல ஆண்டுகளாக ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாணவர் கைக்குப் போயின. கணினியையே கண்டிராத வீடுகளுக்குள் அவை நுழைந்தன. அந்தச் சாதனையை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸ் 7-இன் மிக எளிய பதிப்போடு, சி-டாக் நிறுவனம் இந்தியாவிலேயே உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? “அந்த இன்னொண்ணு எதுக்குன்னே தெரியல, கடையில குடுத்து எடுத்துட்டோம்” என்று சொல்லாத மாணவரை நாங்கள் கண்டதில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சி. உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்தை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. அந்தப் பாதை நம் பள்ளிகளுக்குள் நீளவில்லை. அண்டைக் கேரளத்தில் பள்ளிப்பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி கற்கிறார்கள். இங்கே பெட்டியைக் கொடுத்தோம், பெட்டியைப் பேணும் அறிவைக் கொடுக்கவில்லை. விதைநெல்லைக் கொடுத்துவிட்டு வரப்பைக் காட்டாமல் வந்துவிட்டோம்.

லினக்ஸை நாங்கள் சர்வரோக நிவாரணியாக விற்க வரவில்லை. சிற்றிதழ்க்காரர்களின் தடை எங்களுக்கும் தெரியும். பக்க வடிவமைப்பு இன்னும் பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் நடக்கிறது. பழைய எழுத்துருக்கள் அவற்றை விட்டு நகர மறுக்கின்றன. அந்த வேலைக்கு விண்டோஸ் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கட்டுரை எழுதவும், மின்னஞ்சல் பார்க்கவும், படிக்கவும் மட்டுமே பயன்படுகிற ஒரு வீட்டுப் பெட்டியை, நிறுவனம் கைவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பையில் போடவேண்டியதில்லை. இலகுவான லினக்ஸ் பதிப்புகள் 4 ஜிபி நினைவகத்தில் ஒழுங்காக ஓடுகின்றன. லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்யலாம். விலை ஒன்றுமில்லை, பூட்டுடைக்கவும் வேண்டாம். ‘வாங்க வசதியில்லை, அதனால் திருட்டு மென்பொருள்’ என்ற வாதம் எங்களிடமும் நெடுநாள் இருந்தது. ஏழைக்கு வேறு வழியில்லை என்று அது இரக்கத்தோடு பேசும். வழி இருந்தது, கற்கச் சோம்பலாக இருந்தது என்பதே உண்மை.

இப்போது மூன்றாம் தரப்பு. நம் தரப்பு.

“எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் தெரியாதுங்க” என்று ஓர் எழுத்தாளர் சொல்லும்போது அந்தக் குரலில் வெட்கம் இருப்பதில்லை, பெருமிதம் இருக்கிறது. உயர்ந்த விஷயங்களில் மூழ்கியிருப்பவர் கருவிகளைப் பற்றி அறியத் தேவையில்லை என்ற மனோபாவம் அது. பேனாவில் மை ஊற்றத் தெரியாது என்று எந்த எழுத்தாளராவது பெருமைப்பட்டதுண்டா? தன் நாவலின் ஒரே பிரதியைப் பேருந்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப்போவாரா? வன்தட்டில் ஒரே பிரதி வைத்திருப்பவர் தினமும் அதைத்தான் செய்கிறார். அந்தப் பேருந்து இன்னும் கிளம்பவில்லை, அவ்வளவே.

நம் மரபு இப்படிப்பட்டதன்று. ஓலை சில நூற்றாண்டுகளே தாங்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் அதற்குப் பகை. எனவே ஏட்டைப் பெயர்த்தெழுதிக்கொண்டே இருந்தார்கள். சங்கப் பாடல் நம் கைக்கு வந்தது ஓலையின் வலிமையால் அன்று, பெயர்த்தெழுதிய பெயர் தெரியாத கைகளின் பிடிவாதத்தால். பெயர்த்தெழுதுவது நின்ற இடத்தில் நூல் அழிந்தது. பழைய ஏடுகளை ஆற்றில் விட்டதையும் தீயில் இட்டதையும் உ.வே. சாமிநாதையர் எவ்வளவு வேதனையோடு பதிவு செய்திருக்கிறார் என்பதை இந்த வாசகர்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. ‘பழைய ஏடு, இனி எதற்கு’ என்ற அந்தக் குரலும், ‘பழைய பெட்டி, ஃபார்மட் போட்டுடலாம்’ என்ற இந்தக் குரலும் ஒன்றே. அதைக் கேட்டு வருந்திய நாமே இதற்குத் தலையாட்டுகிறோம்.

1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது மீளாமற்போனவை எவை? வேறெங்கும் படி இல்லாதவை. அந்த அனுபவத்தின் நிழலில்தான் 2005-இல் நூலகம் என்ற எண்ணிம முயற்சி ஈழத்து நூல்களைப் படியெடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1998 பொங்கலில், மதுரைத் திட்டம் தொடங்கி உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். அவர்கள் எல்லாரும் கணினி வல்லுநர்கள் அல்லர். படியெடுப்பது ஓர் இலக்கியப் பணி என்று அறிந்திருந்தார்கள்.

அழிவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்க முடியாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் வெறும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும் தேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்த பிறகும் நம் சிற்றிதழ்க் கோப்புகள் பல அந்தப் பழைய குறியாக்கங்களிலேயே உறங்குகின்றன. மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

“எல்லாம் மேகக்கணிமையில் இருக்கிறதே” என்பார் சிலர். நல்லது, இருக்கட்டும். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற ஒத்திசைவைப் படி என்று நம்பிவிடக்கூடாது. பிணைப்பண நிரல் இங்கே கோப்பைப் பூட்டினால், பூட்டிய கோப்பு அங்கேயும் ஏறிவிடும். பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட காலம் மட்டுமே வைத்திருப்பார்கள். கடவுச்சொல்லைத் தொலைத்தால் கதவே திறக்காது. கையில் ஒரு படியாவது வேண்டும்.

மறுப்பு மட்டும் சொல்லிவிட்டு ஓடுவது முறையன்று. நாங்கள் இழந்த பிறகு கற்றதை வரிசையாகச் சொல்கிறோம்.

கணினி மெதுவாகிறது என்று தோன்றிய அன்றே, வேறெதையும் தொடுமுன், எழுத்துகளையும் படங்களையும் ஒரு வெளி வன்தட்டில் படியெடுங்கள். மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேற்றூரில் என்பது காப்பகக்காரர்களின் கணக்கு. வேற்றூர்ப் படி நண்பர் வீட்டு அலமாரியில் இருந்தாலும் போதும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்கள் மாவட்டத்தில் கூரைகளைப் பிய்த்தெறிந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் விளங்கும். படியெடுத்ததும் வெளித்தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். இணைத்தே வைத்திருந்தால் பிணைப்பண நிரல் அதையும் பூட்டும். ஆறு மாதத்துக்கொரு முறை திறந்து, படி படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து நோயைப் பாருங்கள். வேண்டாத மென்பொருள்களை நீக்குங்கள். தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள். நினைவகம் குறைவென்றால் கூட்டுங்கள், சுழல்தட்டென்றால் சில்லுத்தட்டுக்கு மாற்றுங்கள். பழைய தட்டைக் கடையில் விட்டுவராமல் வீட்டுக்கு எடுத்துவாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றவேண்டியிருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். ஃபார்மட் கடைசி மருந்தாக இருக்கட்டும், முதல் மருந்தாக வேண்டாம்.

பிறகு பாதுகாப்பு. திருத்தங்களை நிறுத்தாதீர்கள். அன்றாட வேலைக்கு முழு அதிகாரமில்லாத ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடைக்கும் அச்சகத்துக்கும் போய்வந்த பென் டிரைவைச் சோதிக்காமல் திறக்காதீர்கள். கோப்புறைகளை மறைத்துக் குறுக்குவழிகளாகக் காட்டும் நச்சுநிரல்கள் அந்த வழியாகத்தான் ஊர் ஊராகச் சுற்றின. மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், வங்கிக்கு வேறொன்று என்று வைத்து, இரண்டுக்கும் இரண்டாம் பூட்டையும் போடுங்கள். ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் சிவப்பாக மிரட்டினால் அழைக்காதீர்கள், உலாவியை மூடுங்கள். ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

இவற்றுள் எதற்கும் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. தொல்காப்பியச் சூத்திரத்துக்கு மூன்று உரைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற பொறுமையில் பத்திலொரு பங்கு போதும். அந்தப் பொறுமை நம்மிடம் இருக்கிறது. கருவியை மதிக்கிற பணிவுதான் இல்லை. எங்களுக்கு அது நூற்றிருபது பக்கங்களைக் கொடுத்தபின் வந்தது.

கதையின் மிச்சம் இதுதான். சிற்றிதழ் நண்பர் மெய்ப்புப் பார்க்க அச்சிட்டு வைத்திருந்த முப்பத்தெட்டுப் பக்கங்கள் கிடைத்தன. அவற்றை ஒருங்குறியில் மறுபடி தட்டச்சு செய்து, மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். மற்றவற்றுக்காகப் பழைய முகவரிகளைத் தேடிக்கொண்டு மறுபடி போனோம். சிலர் அலுக்காமல் திரும்பச் சொன்னார்கள். சூளைத்தீயின் நிறத்தைப் பற்றி ஒரு மாலை முழுவதும் எங்களிடம் பேசிய பெரியவரின் வீட்டில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவர் மகளிடம் கேட்டோம். “அப்பா உங்ககிட்டதானே சொன்னாரு, எழுதிக்கிட்டீங்களே” என்றார் அவர்.

அந்தப் பழைய பெட்டி இன்னும் மங்கலம்பேட்டையில்தான் இருக்கிறது. சில்லுத்தட்டு மாற்றி, நினைவகம் கூட்டி, லினக்ஸ் ஏற்றிய பிறகு, விசையை அழுத்திய அரை நிமிடத்தில் விழித்துக்கொள்கிறது. இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதினோம்.